நாள் பார்த்துப் போட வேண்டிய ஊசி

கல்யாணத்துக்கு நாள் பார்க்கிறோம். கிரகப்பிரவேசத்துக்குப் பார்க்கிறோம். புது ஸ்கூட்டருக்குக்கூட ராகுகாலம் பார்க்கிறோம். உண்மையிலேயே நாள் பார்க்க வேண்டிய ஒரு விஷயத்தில் கோட்டை விட்டோம்.

2021 ஏப்ரல் கடைசியில் சென்னை கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி வாசலில் ரெம்டெசிவிருக்காக நின்ற வரிசை ஞாபகம் இருக்கிறதா? மே மாதம் கூட்டம் தாங்காமல் விற்பனையை நேரு ஸ்டேடியத்துக்கே மாற்றினார்கள். கள்ள மார்க்கெட்டில் பல மடங்கு விலை. நின்றவர்கள் கையில் டாக்டர் சீட்டு இருந்தது, ஆதார் இருந்தது. 'நோயாளிக்கு இன்று எத்தனையாவது நாள்?' என்ற கணக்கு எத்தனை பேரிடம் இருந்தது?

கொரோனா முற்றினால் அதில் இரண்டு கட்டம். முதல் வாரம் வைரஸின் ஆட்டம், பல்கிப் பெருகுகிறது. அடுத்த வாரம், சிலருக்கு, நம் உடம்பின் ஆட்டம். எதிர்ப்புச் சக்தியே கட்டுமீறி நுரையீரலைத் தாக்குகிறது. இதைத்தான் அழற்சி என்கிறார்கள். திருடனைப் பிடிக்க வந்த போலீஸ், வீட்டையே இடித்துத் தள்ளுவது மாதிரி. ரெம்டெசிவிர் திருடனைத்தான் பிடிக்கும். போலீஸை அடக்காது.

அதனால்தான் ஒரே மருந்துக்கு இரண்டு முகம். ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு, அறிகுறி தெரிந்த 7 நாளுக்குள் மூன்று நாள் கொடுத்துப் பார்த்த ஆய்வில், ஆஸ்பத்திரியில் சேரும் அபாயம் 87 சதவிகிதம் குறைந்தது. வென்டிலேட்டருக்குப் போனவர்களுக்கோ பலனில்லை என்றது 2022-ல் வெளியான உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு. நம் ஜனங்கள் நகையை அடகு வைத்து வாங்கிக்கொண்டு ஓடியது பெரும்பாலும் எந்தக் கட்டத்தில்? மூச்சு முட்டிய பிறகு!

"அப்போ யாருக்கு சார் தெரியும்?" என்பீர்கள். 87 சதவிகிதக் கணக்கு அப்புறம் வந்ததுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆஸ்பத்திரி நோயாளிகளுக்கு ரெம்டெசிவிர் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 நவம்பரிலேயே சொல்லிவிட்டது. நம் வரிசைக்கு ஐந்து மாதம் முன்பு. சீட்டு எழுதிய பேனாக்களுக்கு அது தெரிந்திருக்க வேண்டாமா?

இதன் மறுபக்கம் இன்னும் மோசம். போலீஸை அடக்குகிற மருந்து ஸ்டீராய்டு, சல்லி விலை. 2020 ஜூனில் இங்கிலாந்தின் 'ரெகவரி' ஆய்வில், டெக்ஸாமெதசோன் வென்டிலேட்டரில் இருந்தவர்களின் சாவை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பலனே இல்லை. கெடுதல்கூட இருக்கலாம் என்றது. நாம் என்ன செய்தோம்? வீட்டில் காய்ச்சலோடு படுத்திருந்தவர்களுக்கு முதல் நாளிலேயே ஸ்டீராய்டு விழுங்கக் கொடுத்தோம். திருடன் உள்ளே இருக்கும்போது போலீஸைத் தூங்க வைத்தோம். சர்க்கரை எகிறியது. பலருக்குக் கறுப்புப் பூஞ்சை வந்தது. கண் போனவர்கள் உண்டு.

தீ எவ்வளவு என்று பார்த்துத் தண்ணீர் ஊற்ற முடியாதா? முடியும். அதே ரெகவரி ஆய்வில் டோசிலிசுமாப் ஊசியை, ஆக்சிஜன் குறைந்து, ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. அளவு லிட்டருக்கு 75 மில்லிகிராமைத் தொட்டவர்களுக்குத்தான் கொடுத்துப் பார்த்தார்கள். நூற்றுக்கு 35 சாவு 31 ஆனது. சி.ஆர்.பி. ஒன்றும் ராக்கெட் விஞ்ஞானமில்லை. பக்கத்துத் தெரு லேபில் பார்க்கிற சாதாரண ரத்தப் பரிசோதனை.

அடுத்த தொற்று வரும்போது 'எந்த ஊசி டாக்டர்?' என்று கேட்காதீர்கள். "இன்னிக்கு எத்தனையாவது நாள்? அழற்சி எவ்வளவு இருக்கு?" என்று கேளுங்கள். டாக்டர் முறைத்தால் முறைக்கட்டும். பணமும் உயிரும் உங்களுடையது.