மில்லியனில் தொலையும் கோடிகள்

கிருஷ்ணகிரி மாவட்டம் அஞ்செட்டி வட்டத்து நாட்றாம்பாளையத்தைச் சுற்றிக் கிடக்கும் உருண்டைப் பாறைகளுக்கும் டைனோசர்களுக்கும் எவ்வித உறவும் இல்லை என்பதை, ‘டைனோசர் முட்டை, வயது 66 லட்சம் ஆண்டு’ என்னும் குறிப்போடு இந்த வாரம் கைப்பேசிகளில் உலவிய படம் ஒன்றின் பொருட்டு விளக்க வேண்டியதாயிற்று. விரிசல் வழியே இறங்கும் நீர், பாளம் பாளமாகப் பிளந்த பாறையின் மூலைகளை மூன்று புறமும் தாக்கி முதலில் இற்றுப்போகச் செய்வதால், நடுப்பகுதி வெங்காயம்போல் உரிந்து உருண்டையாக எஞ்சுகிறது. 2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் கிடைத்த உருண்டைக் கற்களும் இவ்வாறே முட்டைகளாகப் பேசப்பட்டு, பின்னர் அம்மோனைட், அதாவது கணவாய்க்கு உறவான, சுருள் ஓடுடைய பழங்கடல் உயிரி, சார்ந்த படிவுகள் என்று அறியப்பட்டன.

முட்டை என்ற பிழையைப் பொறுத்துக்கொள்ளலாம். 66 லட்சம் என்பதைப் பொறுக்க இயலாது. இப்பத்தியின் பழைய வாசகர்கள் ‘மறுபடியும் மில்லியனா?’ என்று சலித்துக்கொள்ளக்கூடும். எனினும், கோடி என்ற சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு மில்லியனைக் கடன் வாங்கும் வழக்கம் நிற்கும்வரை இந்தப் புலம்பலும் நிற்காது. டைனோசர்கள் அழிந்தது 66 மில்லியன் ஆண்டுகளுக்கு முன்பு; ஒரு மில்லியன் பத்து லட்சம் என்பதால் அது 6.6 கோடி ஆண்டுகளுக்கு முந்தையது. கடன் வாங்கிய சொல்லைப் பாதியில் மொழிபெயர்த்தவர் அதில் பத்தில் ஒன்பது பங்கைத் தொலைத்துவிட்டார். நாட்றாம்பாளையத்துக்கு அண்மையில் உள்ள பிலிகுண்டுலுவில் அளக்கப்படும் காவிரி நீரின் அலகான டி.எம்.சி.க்குள்ளும் ஒரு மில்லியன் ஒளிந்திருக்கிறது. ஆயிரம் மில்லியன் கன அடி என்பது 100 கோடி கன அடி என்று சொல்லப்பட்டிருந்தால், அந்த நீரின் பெருமை எந்த உழவருக்கும் உடனே விளங்கியிருக்கும்.

கோடியில் எண்ணினால் கல்லின் வயதும் விளங்கும். கிருஷ்ணகிரி வட்டாரத்தின் நைஸ் பாறைகள், அதாவது கடும் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறி வரிவரியாக அமைந்தவை, ஆர்க்கேயன் எனப்படும் ஆதி ஊழியின் இறுதியைச் சேர்ந்தவை. வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டு. அதை 250 ரூபாயாகக் கொண்டால், ஏறக்குறைய 227 ரூபாய் செலவான பின்பே, ட்ரயாசிக் காலத்தில், முதல் டைனோசர்கள் தோன்றின. ஜுராசிக்கைக் கடந்து கிரெட்டேசியஸ் முடிவில் அவை மறைந்தபோது மிச்சம் ஆறு ரூபாய் அறுபது காசு.

அந்தச் செலவுக்கான கணக்குச்சீட்டு நாட்றாம்பாளையத்தில் இல்லை. டைனோசர்கள் இவ்வழியே நடந்திருந்தாலும், எலும்பை மூடிக் காக்கும் மணலும் சேறும் படிந்து கல்லாகாத மேட்டு நிலத்தில் அவற்றின் தடயம் தங்க வழியில்லை. கிழக்கே அரியலூரில் கிரெட்டேசியஸ் கடல் உள்நிலத்துக்கு ஏறிவந்தபோது, மேற்கிலிருந்த பழம்பாறை நிலங்கள் அரிக்கப்பட்டுச் சென்ற மணலும் களியுமே அங்கே அடுக்குகளாயின. அங்கும் காப்பு முழுமையானதன்று: கல்லமேட்டுப் படிவுகளில் கிடைத்து, 1987இல் யாதகிரியும் அய்யாசாமியும் ‘புருகத்காயோசாரஸ்’ என்று பெயரிட்ட பேருயிரியின் எலும்புகள் நொறுங்கிப்போக, இன்று ஆய்வாளர்கள் வரைபடங்களையும் சில ஒளிப்படங்களையும் கொண்டே அதன் அளவை வாதிடுகின்றனர்.

ஆகவே டைனோசரைத் தேடுவோர் அரியலூர் செல்வதே முறை. நாட்றாம்பாளையத்து உருண்டைக் கல்லோ, முட்டை என்று பெயர் பெறுவதற்காகத் தன் வயதில் 249 கோடிக்கும் மேல் இழக்க வேண்டியிருக்கிறது. 66 லட்சத்துக்கு அதை விற்பவர் வணிகத்திலும் தேறமாட்டார்.