ஒரு நிமிடக் கணக்கு

சித்தூர், திருப்பதிப் பக்கம் பிளஸ் டூவுக்குப் பெயர் இன்டர். அதில் கணிதம் எடுத்தவர்கள் ஒரே பாடத்தை இரண்டு விதமாகப் படிக்க வேண்டும். போர்டு பரீட்சையில் கணக்கைப் போடும் வழிக்கும் மார்க் உண்டு. நுழைவுத் தேர்வில் கிடையாது. எம்செட் என்று பழகி, 2021 முதல் இ.ஏ.பி.செட் என்று பெயர் மாறிய அந்தத் தேர்வின் இன்ஜினீயரிங் பிரிவில் மூன்று மணி நேரத்தில் 160 கேள்விகள். பாதி கணிதம். ஒரு கேள்விக்கு 68 வினாடிகூடத் தேறாது.

விளைவு, அல்ஜீப்ராவும் கால்குலஸும் மனப்பாடப் பாடங்களாகிவிட்டன. எல்லோரும் போட்டுப் பழகிய கணக்கு ஒன்று: சைனை, சைனும் காஸும் சேர்ந்த கூட்டுத்தொகையால் வகுத்து, பூஜ்யத்திலிருந்து 90 டிகிரி வரை தொகையீடு காண வேண்டும். சுருக்குவழியில் இரண்டே வரி. விடை, பையில் கால் பங்கு. பலருக்கு அந்த இரண்டு வரிகூட வேண்டாம்; விடையே நினைவில் இருக்கிறது. மேல் எல்லையை 60 டிகிரி ஆக்கினால் சுருக்குவழி கைவிட்டுவிடும். பகுதியிலிருந்து அதன் வகைக்கெழுவைக் கழித்துப் பாதியாக்கினால் தொகுதியில் உள்ள சைன் கிடைக்கும் என்று ஒருமுறை எழுதிப் பார்த்தவருக்கு எந்த எல்லையும் ஒன்றுதான்.

எல்லை தாண்டி வேலூருக்கு வந்தால் நோய் வேறு. தமிழ்நாட்டில் இன்ஜினீயரிங் நுழைவுத் தேர்வு 2007-ல் போய்விட்டது. ஆனால் பாடப் புத்தகக் கணக்குகளை எண்ணோடு சேர்த்து உருப்போடும் பழக்கம் போகவில்லை.

கோச்சிங் சென்டரையும் கைடையும் திட்டுவது சுலபம். 1903 வாக்கில் கும்பகோணத்தில் சீனிவாச ராமானுஜன் கையில் கிடைத்ததும் ஒரு வகையில் கைடுதான். அதைத் தொகுத்த ஜார்ஜ் கார், மாணவர்களைக் கேம்பிரிட்ஜ் தேர்வுக்குத் தயார்செய்த ட்யூஷன் ஆசிரியர். ஆயிரக்கணக்கான கணித முடிவுகள் அதில் வரிசையாக இருந்தன, நிரூபணம் அரிது. ராமானுஜன் முடிவுகளை உருப்போடவில்லை. சிலேட்டில் போட்டுப் போட்டு அழித்து, வழியைத் தானே கண்டுபிடித்தார். பரீட்சை அவருக்குக் கருணை காட்டவில்லை என்பது வேறு கதை. மற்றப் பாடங்களில் தவறி, சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஃப்.ஏ.வைக் கடைசிவரை அவர் தாண்டவில்லை. சித்தூரும் திருப்பதியும் அன்று அதே சென்னை மாகாணத்தில்தான் இருந்தன.

இன்று திருப்பதியில் 1954-ல் தொடங்கிய ஸ்ரீ வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகம் இருக்கிறது. 2015-ல் ஐ.ஐ.டி.யும் ஐசரும் வந்துவிட்டன. பட்ட வகுப்புக் கணிதம், நான்கு விடைகளைக் காட்டி ஒன்றைத் தேர்ந்தெடு என்பதோடு நிற்பதில்லை. நிறுவிக் காட்டு என்கிறது. ரேங்க் வாங்கி வந்தவர்கள் திணறும் இடம் அது.

வேகப் பயிற்சியை விட முடியாது. சீட்டு அதில்தான் கிடைக்கிறது. ஆனால் தினம் ஐம்பது கணக்குப் போடுபவர் ஒன்றே ஒன்றை, விடையை மூடிவைத்து, எல்லையை மாற்றி, கடிகாரம் பார்க்காமல் போட்டுப் பார்க்கலாம். அதற்கு அரை மணி ஆனாலும் நஷ்டமில்லை. சீட்டு கிடைத்த பிறகு வரும் நான்கு வருடங்களுக்கு உதவப்போவது அந்த ஒன்றுதான்.