ஒத்தைப் பெண்ணும் இரண்டாவது டிக்கெட்டும்

ஒரு பெண் பந்தயத்தில் இறங்க நல்ல காலும் மைதானமும் போதும் என்று நினைப்பவர்கள் கடையால் சமீஹா பர்வினின் கதையைக் கேட்க வேண்டும். எங்கள் குமரி மாவட்டத்துப் பிள்ளை. காது கேளாதவர். நீளம் தாண்டுதல், நூறு மீட்டர் ஓட்டம் இரண்டிலும் தேறியவர். 2021 ஆகஸ்டில் போலந்தின் லூப்ளின் நகரில் காது கேளாத இளையோருக்கான உலகத் தடகளப் போட்டி. டெல்லித் தேர்வில் கலந்துகொண்டு தகுதி பெற்றும் அவரை விட்டுவிட்டு ஆண்களை மட்டும் அனுப்பப் பார்த்தார்கள். தேறிய பெண் நீ ஒருத்திதான், தனியாக எப்படி அனுப்புவது என்பது அவருக்குச் சொல்லப்பட்ட காரணம். சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகே விமானம் ஏறினார்.

இதைச் சொன்னால் இங்கே நாஞ்சில் நாட்டிலும் சிலர், "அது சரிதானவே, பொம்பளப் பிள்ளைய ஒத்தைல விடலாமா?" என்கிறார்கள். அவர்களிடம் ஒன்று கேட்கிறேன். நம் ஊர்ப் பெண்கள் நர்ஸ் வேலைக்குக் குவைத்துக்கும் சவூதிக்கும் ஒத்தையில்தானே போகிறார்கள்? அப்போது யாரும் துணை தேடவில்லையே. சம்பளம் அனுப்பப் போகலாம், ஓடப் போகக்கூடாது, அப்படித்தானே? 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு தமிழ்நாட்டில் முதலிடம் பிடித்த மாவட்டம் இது. அந்தப் பெருமை இந்த இடத்தில் எங்கே போயிற்று?

பாதுகாப்புதான் கவலை என்றால் கூடவே ஒரு பெண் பயிற்சியாளரை அனுப்புங்கள். செலவு இன்னொரு டிக்கெட். பெண்களை வரவிடாமலே வைத்துவிட்டு, ஒருத்திதானே வந்திருக்கிறாள் என்று அவளையும் திருப்பி அனுப்பினால், அடுத்த வருஷம் இரண்டு பேர் எங்கிருந்து வருவார்கள்?

1982 டெல்லி, 1986 சியோல் ஆசியப் போட்டிகள் இரண்டிலும் நூறு மீட்டரில் நம் பி.டி. உஷாவைப் பின்தள்ளித் தங்கம் வாங்கியவர் பிலிப்பைன்ஸின் லிடியா டி வேகா. பயிற்சி கொடுத்தவர் அவருடைய அப்பா. அந்த நாடு, 'கின்டோங் அலாய்' என்ற அரசுத் திட்டத்தின் கீழ் அவரைத் தாங்கியது. திறமை இருந்தது, தாங்குவதற்கு ஆளும் இருந்தது.

நம்மிடம் பதக்கம் வந்த பிறகு பேனர் கட்ட ஆள் உண்டு. அதற்கு முன்னால்தான் ஆள் வேண்டும். தகுதி பெற்றவள் ஒருத்தியே ஆனாலும் துணையோடு அனுப்பியாக வேண்டும் என்பதை விளையாட்டுத் துறை எழுத்தில் விதியாக்கட்டும். ஒவ்வொரு பிள்ளையும் வக்கீல் வைத்து ஓட முடியாது.