தெருவெல்லாம் டாக்டர்!

வேளச்சேரியில் யாரிடமும் 'தலைவலி' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். தண்டீஸ்வரர் கோயிலிலிருந்து விஜயநகர் பஸ் ஸ்டாண்ட் வருவதற்குள் அஞ்சு வைத்தியம் சேர்ந்துவிடும்.

எனக்குச் சேர்ந்தது. மூன்று வாரமாகப் பின்மண்டையில் வலி. காலையில் எழுந்தால் தலை அம்மிக்கல் கனம். குனிந்து செருப்பு மாட்டினால் தரை லேசாக நழுவியது.

"பித்தம் சார், இஞ்சிச் சாறு குடிங்க!" என்றார் டீக்கடைக்காரர். எதிர் ஃப்ளாட் மாமி, "நீர் கோத்துண்டிருக்கு, சுக்கு உரைச்சுப் பத்து போடுங்கோ" என்றார். மைத்துனன், "கண்ணாடி பவர் மாறியிருக்கும் அத்தான்" என்றான். என் மனைவி, "எல்லாம் அந்த செல்போனாலதாங்க" என்றாள். (எனக்கு முதுகு வலித்தாலும் அவளுக்கு செல்போன்தான் காரணம்.)

மெடிக்கல் ஷாப் பையன் மட்டும் பேசவே இல்லை. ஒரு அட்டை மாத்திரையைக் கிழித்துக் கொடுத்தான். அவனைத்தான் நம்பினேன். தினம் ரெண்டு.

ஒருநாள் தி.நகர் போகக் கிளம்பினேன். பஸ் நம்பர் கலங்கலாகத் தெரிந்தது. குத்துமதிப்பாக ஏறி உட்கார்ந்தேன். ஜன்னலுக்கு வெளியே பள்ளிக்கரணை சதுப்பு நிலமும் கொக்குகளும் வந்த பிறகுதான் உறைத்தது, தாம்பரம் பஸ்!

சரி, மைத்துனன் கட்சிதான் ஜெயித்தது என்று கண் டாக்டரிடம் போனேன். சின்னப் பெண். சொட்டு மருந்து விட்டு, விளக்கடித்து உள்ளே பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"சார், கடைசியா எப்ப பிரஷர் பாத்தீங்க?"

"கண்ணாடி மாத்தத்தானேம்மா வந்தேன்?"

பதில் சொல்லாமல் கையில் பட்டையைச் சுற்றினார். மேலே 210, கீழே 130. கண்ணுக்குள் ரத்தக் கசிவு, நரம்பின் முனையில் வீக்கம். ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதினார்.

"நாளைக்கு ஒரு வளைகாப்பு இருக்கு..." என்றேன்.

"இன்னிக்கே சார். இப்பவே."

அறுக்காமல் கொள்ளாமல் ரத்தக் குழாயை நேராகப் பார்க்க உடம்பில் இருக்கிற ஜன்னல், கண்தான். அதைத் திறந்தவர் ஜெர்மனிக்காரர் ஹெல்ம்ஹோல்ட்ஸ், 1851-ல். நம்ம எழும்பூர் அரசு கண் ஆஸ்பத்திரி 1819-லேயே தொடங்கிவிட்டது. முதல் 32 வருஷம் அங்கே எத்தனை பெரிய டாக்டர் வந்தாலும் இந்த ஜன்னல் மூடியேதான் இருந்திருக்கும். எனக்குத் திறந்திருந்தும் மூன்று வாரம் நான் எட்டிப் பார்க்கச் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரி டாக்டர் பொறுமையாக விளக்கினார். பிரஷர் சாதாரணமாக வலிக்கவே வலிக்காது. வலி, கிறுகிறுப்பு, கண் மங்கல் என்று கதவைத் தட்டினால் நிலைமை முற்றிவிட்டது என்று அர்த்தம். நான் விழுங்கினது மாதிரி சில வலி மாத்திரைகள் பிரஷரையே ஏற்றும். மாதத்தில் பாதி நாள் விழுங்கினால், மாத்திரையே தலைவலி தரும்!

எல்லாத் தலைவலியும் இப்படி இல்லை. கண் முன் மின்னல் கோடு நெளிந்து, பிறகு ஒரு பக்கம் தெறித்தால் மைக்ரேனாக இருக்கலாம். படுக்கையில் புரளும்போது அறை சுற்றினால் காதுக் கோளாறு. குண்டான இளம் பெண்களுக்கு மூளையைச் சுற்றியுள்ள நீரின் அழுத்தம் கூடியும் பார்வை மங்கலாம். ஐம்பது தாண்டியவருக்கு நெற்றிப்பொட்டு வலித்து, மெல்லும்போது தாடையும் வலித்தால், பார்வை போவதற்குள் ஓட வேண்டும். திடீரென்று இடி விழுந்த மாதிரி வலி, வாய் கோணல், பேச்சுக் குழறல், எல்லாம் ரெட்டையாகத் தெரிவது - யோசிக்கவே கூடாது, 108-தான்.

ஆறு நாள் கழித்து வீட்டுக்கு வந்தேன். பார்வை மெதுவாகத் தெளிந்தது. பிரஷர் மாத்திரை இனி தினம் உண்டு. ஊறுகாய் கிடையாது.

நேற்று டீக்கடையில் ஒருவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாஸ்டர் இஞ்சி என்று வாயெடுப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்: "பிரஷர் பாத்தீங்களா? கண்ணுக்குள்ள பாக்கச் சொன்னீங்களா?"

தெருவில் இப்போது ஆறாவது டாக்டர், நான்தான்!