பதிவேட்டில் பெயர் இருக்கிறது, சாவி யாருடையது?

சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒரு பத்திரம் பதிவாகிவிட்டது என்பதாலேயே, விற்றவருக்கு அந்த நிலத்தை விற்கும் உரிமை இருந்தது என்று ஆகிவிடாது. அங்கே பதிவாவது பத்திரம் மட்டும்தான். தமிழ்நாட்டுப் பதிவு விதிகளில் ஒன்றான 55-ஏ(1)ஐச் செல்லாது என்று 2025 ஏப்ரலில் அறிவித்த உச்ச நீதிமன்றமும், விற்பவருக்கு உரிமை உண்டா என்று ஆராய்வது சார்பதிவாளரின் வேலை அல்ல என்றது. செங்கல்பட்டு மாவட்டப் பஞ்சமி நிலங்களைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்துவருகிறேன். திருப்போரூர், செய்யூர் பக்கம் எந்தச் சேரிக்குப் போனாலும் பெரியவர்கள் இதைச் சட்டப் பிரிவு எண் இல்லாமலே சொல்லிவிடுவார்கள்: "ரெக்கார்டுல அவன் பேரு இருக்கு தம்பி, நிலம் நம்மளுது."

இந்த ஒரு வரி புரிந்தவர்களுக்குக் கீ சர்வர் என்றால் என்ன, அதில் எங்கே ஆபத்து இருக்கிறது என்பதும் எளிதாகப் புரியும். கணினிப் படிப்பு தேவையில்லை.

குறியாக்கம் செய்த மின்னஞ்சலுக்கு இரண்டு சாவிகள் வேண்டும். ஒன்று தனிச்சாவி, அது உங்களிடமே இருக்கும். இன்னொன்று பொதுச்சாவி, அதை ஊருக்கே கொடுக்கலாம். பொதுச்சாவியைச் சாவி என்பதைவிடத் திறந்து வைத்த பூட்டு என்பதுதான் பொருத்தம். யார் வேண்டுமானாலும் உங்கள் பூட்டை எடுத்து, தன் கடிதத்தைப் பெட்டியில் போட்டு அமுக்கிப் பூட்டலாம். திறப்பது உங்களால் மட்டுமே முடியும். 1991இல் பில் சிம்மர்மன் வெளியிட்ட பிஜிபி மென்பொருளில் தொடங்கி இந்த முறை இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிறது. முகம் தெரியாத ஒருவர் உங்களுக்குக் கடிதம் எழுத வேண்டுமென்றால் உங்கள் பூட்டு அவருக்கு எங்கே கிடைக்கும்? அதற்காக வந்தவைதான் கீ சர்வர்கள். பெயரோ மின்னஞ்சல் முகவரியோ கொடுத்துத் தேடினால் பூட்டை எடுத்துத் தரும் பொதுப் பதிவேடு அது.

பழைய கீ சர்வர்களும் சார்பதிவாளரைப் போலத்தான். கொண்டுவந்து கொடுத்ததை வாங்கிப் பதிந்துகொள்ளும். என் பெயரில், என் முகவரியோடு, நீங்கள் ஒரு சாவி செய்து ஏற்றினாலும் கேள்வி கேட்காது. அதை நம்பி எனக்கு ஒருவர் அனுப்பும் கடிதத்தை வழியில் இடைமறித்தால் உங்களால் படிக்க முடியும். கற்பனையாகச் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் சாவிகளை எட்டு எழுத்துச் சுருக்க எண்ணால் அடையாளம் காண்பது வழக்கம். அந்த எட்டு எழுத்தும் அப்படியே பொருந்தும் போலிச் சாவிகளைச் சில நொடிகளில் செய்துவிடலாம் என்று 2014இல் இரண்டு ஆய்வாளர்கள் செய்தே காட்டினார்கள். 2016இல் அந்தப் போலிகள் சர்வர்களிலும் ஏறிவிட்டன. உட்பிரிவு எண்ணை விட்டுவிட்டு வெறும் சர்வே எண்ணை மட்டும் சொல்லி நிலத்தைக் காட்டினால் எது நடக்குமோ அதுதான் நடந்தது.

யாருக்கு இதெல்லாம் தேவை என்று கேட்கலாம். என் ஆய்வுக்கு வந்து சேரும் ஆவணங்களில் கணிசமானவை நான் நேரில் பார்த்தறியாதவர்கள் அனுப்புபவை. 'அ' பதிவேட்டின் ஒரு பக்கம், மடிப்பில் கிழிந்த ஒப்படைப் பட்டா, பெயர் மாற்றிய உத்தரவின் செல்போன் படம். 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் டிரமென்ஹீர் எழுதிய அறிக்கையும், 1892 செப்டம்பர் 30 தேதியிட்ட 1010ஆம் எண் அரசாணையும் வழிவகுத்துத் தந்த நிலங்கள் இவை. முதல் பத்து ஆண்டுகள் யாருக்கும் விற்கக் கூடாது, அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்ட் விலை ஏறியபின் அந்த நிபந்தனைக்கு என்ன ஆனது என்பதைச் சாலையின் இரு பக்கமும் பார்த்துக்கொண்டே போனால் தெரியும். ஆவணம் பொது ஆவணமாகவே இருக்கலாம், கொடுத்தவர் யார் என்பது பொதுச்செய்தி அல்ல. அனுப்பியவர் அந்த நிலத்தை இன்று வளைத்திருப்பவரின் சவுக்குத் தோப்பிலேயே கூலிக்குப் போகிறவராக இருக்கலாம். மாமல்லபுரத்துக்கு அருகே உள்ள காரணையில் பஞ்சமி நில மீட்புக்காக நின்றவர்கள்மீது 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் காவல்துறை துப்பாக்கிச்சூடு நடத்தியதில் ஜான் தாமஸும் ஏழுமலையும் கொல்லப்பட்டார்கள். இந்தக் கடற்கரையில் நிலத்தைப் பற்றிப் பேசுவதற்கு ஒரு விலை உண்டு. "நம் போராட்டம் வெளிப்படையானது, மறைக்க ஒன்றுமில்லை" என்று சொல்லும் தோழர்கள் தங்களைப் பற்றி மட்டும் சொல்கிறார்கள். நமக்குச் சாட்சி சொல்கிறவருக்கு மறைக்க நிறைய இருக்கிறது.

பதிவேட்டை நம்பாமல் சாவியை எப்படிச் சரிபார்ப்பது என்பதற்கு நல்ல முன்மாதிரி ஒன்று உண்டு. 2013 ஜனவரியில் எட்வர்ட் ஸ்னோடன் ஆவணப்பட இயக்குநர் லாரா போய்ட்ரஸைத் தொடர்புகொள்ள முயன்றார். அப்போது அவர் பெயர் யாருக்கும் தெரியாது. போய்ட்ரஸின் சாவியைக் கேட்டு மைக்கா லீ என்ற தொழில்நுட்ப வல்லுநருக்கு எழுதினார். வந்த சாவி உண்மையிலேயே போய்ட்ரஸுடையதுதானா? அதை உறுதிசெய்ய, சாவியின் கைரேகையை மைக்கா லீ தன் ட்விட்டர் கணக்கில் பகிரங்கமாகப் போட்டார். கைரேகை என்பது சாவியிலிருந்து கணக்கிட்டு எடுக்கும் நாற்பது எழுத்துச் சுருக்கம். சாவி ஒரு வழியாக வந்தது, கைரேகை வேறு வழியாக வந்தது, இரண்டும் பொருந்தின. உலகத்தையே உலுக்கிய ஆவணங்கள் கைமாறுவதற்கு முன்னால் நடந்த சரிபார்ப்பு இவ்வளவுதான். நம்மூரில் கைநாட்டு என்பது வசைச்சொல். பெரிய பெரிய கணினி நிபுணர்கள் கடைசியில் கைநாட்டைப் பார்த்துத்தான் ஆளை நம்புகிறார்கள் என்பதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

குறியாக்கத்தை மந்திரம்போல நம்புவதும் தவறு. பீமா கோரேகான் வழக்கில் கைதான ரோனா வில்சனின் கணினியை ஆராய்ந்த ஆர்சனல் கன்சல்டிங் என்ற அமெரிக்க நிறுவனம் 2021இல் வெளியிட்ட அறிக்கையை நினைத்துப் பாருங்கள். 2016 ஜூன் 13 அன்று வரவர ராவின் மின்னஞ்சல் கணக்கைப் பயன்படுத்திய யாரோ ஒருவர் அனுப்பிய கோப்பைத் திறந்ததில் நெட்வயர் என்ற உளவு மென்பொருள் கணினிக்குள் புகுந்தது, அதன் வழியாக ஆவணங்கள் உள்ளே வைக்கப்பட்டன என்கிறது அந்த அறிக்கை. தேசியப் புலனாய்வு முகமை இதை ஏற்கவில்லை. திருச்சி மாவட்டத்தில் பிறந்து, காவலில் இருக்கும்போதே 2021 ஜூலை 5 அன்று இறந்துபோன ஸ்டேன் சுவாமியின் கணினியிலும் இப்படித்தான் கோப்புகள் வைக்கப்பட்டன என்று அதே நிறுவனம் பிறகு சொன்னது. கணினியே எதிராளியின் கையில் இருந்தால் எந்தக் குறியாக்கமும் உதவாது, தனிச்சாவியும் அவன் கையில்தான். ஆனால் இன்னொன்றையும் கவனியுங்கள். தெரிந்தவரின் முகவரியிலிருந்து வந்ததென்றால் தெரிந்தவரே அனுப்பியது என்று எடுத்துக்கொள்ளும் பழக்கத்தை நம்பித்தான் அந்தத் தாக்குதல் நடந்தது. தனிச்சாவியால் கையொப்பமிட்ட கடிதங்களையே அனுப்புவது என்று ஒரு வட்டம் பழகியிருந்தால், கையொப்பம் இல்லாமல் வரும் கோப்பு திறப்பதற்கு முன்பே ஒரு கேள்வியை எழுப்பும். உடனே ஒரு போன் போடத் தோன்றும்.

சாவி உண்மையானதா என்ற சிக்கலுக்குப் பழைய பிஜிபி உலகம் கண்ட தீர்வு 'நம்பிக்கை வலை'. உங்கள் சாவியில் நான் கையொப்பமிடுவேன், என் சாவியில் இன்னொருவர் இடுவார், இப்படிச் சங்கிலியாக நீளும். இதை ஏதோ ஜனநாயகக் கனவுபோலச் சிலர் இன்றும் சிலாகிக்கிறார்கள். எனக்கு ஒப்புதல் இல்லை. "நமக்குத் தெரிஞ்ச ஆளு" என்ற சிபாரிசில் ஓடும் சமூகத்தில் யார் வெளியே நிற்பார்கள் என்பது நமக்குத் தெரியாததா? கையொப்பமிடும் கூட்டங்களில் அரசு அடையாள அட்டையைக் காட்டச் சொன்னார்கள். அது போகட்டும். யார் சாவியில் யார், எந்தத் தேதியில் கையொப்பமிட்டார் என்பது கீ சர்வரில் யாரும் பார்க்கும்படி கிடந்தது. ஓர் அரங்கக் கூட்டத்துக்கு யார் யார் வந்தார்கள் என்று அறிய உளவுப் பிரிவுக்காரர் வாசலில் மணிக்கணக்கில் நின்று குறிப்பெடுப்பார். அந்தப் பட்டியலை நாமே தேதி போட்டு ஏற்றிக் கொடுக்கும் ஏற்பாடு இது.

பெயர் விஷயத்தில் இன்னும் மோசம். பல ஆண்டுகள் க்னூபிஜி மென்பொருள் ஐந்து எழுத்துக்குக் குறைவான பெயரை ஏற்காமல் இருந்தது. ஆங்கிலத்தில் நான்கே எழுத்துள்ள நம் மணிகளும் ரவிகளும் முன்னெழுத்தைச் சேர்த்து ஒப்பேற்ற வேண்டியதுதான். குடும்பப் பெயர் வைத்திருப்பவர்களை மனதில் வைத்து எழுதிய மென்பொருள். அதைவிடப் பெரிய சிக்கல், பழைய சர்வர்களில் ஏற்றியதை அழிக்கவே முடியாது. சேர்க்கலாம், நீக்க வழியில்லை. 1929 பிப்ரவரி 17, 18 தேதிகளில் முதல் சுயமரியாதை மாகாண மாநாடு நடந்த ஊர் செங்கல்பட்டு. பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் சாதிப் பட்டத்தை விட்டொழிக்கத் தீர்மானம் போட்ட மாநாடு அது. அந்த ஊரிலிருந்து பார்க்கும்போது, ஒருவர் உதறிவிட்ட பட்டத்தை என்றென்றைக்கும் சுமந்து நிற்கும் பதிவேடு எனக்குத் தொழில்நுட்பக் குறையாக மட்டும் தெரியவில்லை. பெயரை மாற்றிக்கொண்ட திருநர் தோழர்களுக்கும் இதே கதிதான்.

அந்தப் பழைய ஏற்பாடு தானாகவே சரிந்தது. 2019 ஜூனில் பிஜிபி உலகில் அறியப்பட்ட இருவரின் சாவிகளில் யாரோ ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குப்பைக் கையொப்பங்களை ஏற்றினார்கள். அந்தச் சாவிகளை இறக்கிய மென்பொருள் திணறி நின்றது. அழிக்க முடியாத பதிவேடு என்பதால் சுத்தம் செய்யவும் முடியவில்லை. என் தகவலை நீக்கு என்று ஐரோப்பியச் சட்டத்தின்கீழ் வந்த கோரிக்கைகளுக்கும் பதில் சொல்ல வழியில்லாமல் 2021இல் அந்தச் சர்வர்களின் கூட்டமைப்பே மூடப்பட்டது. இதற்கிடையில் அதே 2019 ஜூனில் கீஸ் டாட் ஓபன்பிஜிபி டாட் ஆர்க் என்ற புதிய சர்வர் வந்தது. அது முகவரிக்கு ஓர் உறுதிப்படுத்தும் கடிதம் அனுப்பும். உரியவர் சம்மதித்தால்தான் அந்த முகவரியைத் தேடினால் சாவி கிடைக்கும். பிறர் கையொப்பங்களை அது யாருக்கும் கொடுப்பதில்லை. வேண்டாமென்றால் முகவரியை நீக்கிக்கொள்ளலாம். நான் பயன்படுத்துவது இதைத்தான். இதுவும் பதிவேடுதான் என்பதை மறக்க வேண்டாம். அந்த அஞ்சல்பெட்டி யார் கையில் இருக்கிறது என்பதைத்தான் அது சோதிக்கிறது, ஆள் யார் என்பதை அல்ல.

"நாங்கள் வாட்ஸ்அப்தான், இதெல்லாம் எங்களுக்கு எதற்கு?" என்பவர்களுக்கு: உங்கள் சட்டைப்பையிலும் ஒரு கீ சர்வர் இருக்கிறது. 2016இலிருந்து வாட்ஸ்அப் செய்திகள் முழுக்கக் குறியாக்கம் செய்யப்படுகின்றன, எதிரில் இருப்பவரின் பொதுச்சாவியை உங்களுக்கு எடுத்துத் தருவது மெட்டா நிறுவனத்தின் சர்வர். தொடர்பின் பெயரைத் தொட்டு உள்ளே போனால் அறுபது இலக்கமும் ஒரு கியூஆர் கட்டமும் இருக்கும். ஊருக்குப் போகும்போது டீ குடிக்கிற நேரத்தில் ஒருவர் போனை ஒருவர் ஸ்கேன் செய்துகொள்ளலாம். கடலோரக் கிராமத்துக் கூலித் தொழிலாளி பிஜிபி கற்றுக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன், அது வன்முறை. சுமையைச் சுமக்க வேண்டியவர்கள், பிறர் தகவலைச் சேர்த்து வைத்திருக்கும் நாம்: ஆய்வாளர்கள், வழக்கறிஞர்கள், தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுகிறவர்கள், இயக்க அலுவலகங்கள்.

நம் இயக்கங்களிடம் நான் கேட்பது பெரிய செலவுள்ள காரியம் அல்ல. தண்டர்பேர்ட் மின்னஞ்சல் மென்பொருளில் 2020 முதல் இந்த வசதி உள்ளேயே இருக்கிறது. ஒரு சாவியை உருவாக்குங்கள், சர்வரில் ஏற்றி முகவரியை உறுதிசெய்யுங்கள், பிறகு அந்த நாற்பது எழுத்துக் கைரேகையை நான்கு நான்காகப் பிரித்து உங்கள் துண்டறிக்கையின் கடைசி வரியில் அச்சிடுங்கள். ஏப்ரல் 14க்கு ஒட்டும் சுவரொட்டியின் ஓரத்தில் இடம் இருக்காதா என்ன? கையில் தாள் இருக்கிறவர் சர்வர் தரும் சாவியோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வார். சிறுசேரி மென்பொருள் பூங்காவில் வேலை பார்க்கும் அம்பேத்கரியத் தோழர்கள் நம் மாவட்டத்திலேயே இருக்கிறார்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

சட்ட நிலவரமும் தெரிந்திருக்கட்டும். இந்தியாவில் குறியாக்கம் குற்றம் அல்ல. ஆனால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஆம் பிரிவின்கீழ் உத்தரவு வந்து, திறந்து காட்ட மறுத்தால் ஏழு ஆண்டுகள்வரை சிறை. இப்படிக் கண்காணிக்கவும் திறக்கவும் பத்து அரசு முகமைகளுக்கு 2018 டிசம்பர் 20 அன்று உள்துறை அமைச்சகம் அதிகாரம் கொடுத்தது. ஆகவே வேலை முடிந்த கடிதங்களை வைத்திருக்காதீர்கள். கடிதத்தின் தலைப்பு வரியில் ஊர்ப் பெயரை எழுதாதீர்கள், யாருக்கு யார் எழுதினார் என்பது பூட்டுக்கு வெளியேதான் தெரியும்.

இன்னொரு வேலை பாக்கி இருக்கிறது, பலரும் இதை விட்டுவிடுகிறார்கள். சாவியை உருவாக்கும் அன்றே ரத்துச் சான்றிதழ் ஒன்றையும் எடுத்து வைக்கலாம். அது ஒரு சின்னக் கோப்பு. உங்கள் மடிக்கணினி பறிமுதலாகிவிட்டால் வேறு யாராவது அந்தக் கோப்பைக் கீ சர்வரில் ஏற்றினாலே போதும். அதன்பின் உங்கள் சாவியைப் புதுப்பித்துப் பார்க்கும் எல்லோருக்கும் அது ரத்தாகிவிட்டது என்று தெரிந்துவிடும், உங்கள் பழைய பூட்டில் யாரும் புதிய ரகசியத்தைப் போடமாட்டார்கள். கீ சர்வரால் கிடைக்கும் பெரிய பயன் என்று நான் நினைப்பது இதைத்தான். அந்தச் சான்றிதழை உங்கள் வீட்டில் வைக்காதீர்கள், சோதனைக்கு வருகிறவர்கள் அதையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போவார்கள். தாளில் அச்சிட்டு, பென் டிரைவில் ஒரு நகலும் போட்டு, வேறு ஊரில் இருக்கும் ஒரு வழக்கறிஞரிடம் உறையில் ஒட்டிக் கொடுங்கள். உறையின்மேல் என்ன செய்ய வேண்டும் என்று தமிழில் நாலு வரி எழுதுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு அதைப் பிரிக்கப்போகிறவருக்குக் கீ சர்வர் என்றால் என்னவென்றே தெரியாமல் இருக்கலாம்.