பெண்விடுதலை யாருடைய சதி?

2019 அக்டோபர் 9. யூதர்களின் நோன்பு நாளான யோம் கிப்பூர். ஜெர்மனியின் ஹாலே நகரில், துப்பாக்கியோடு வந்தவனால் ஜெப ஆலயத்தின் கதவை உடைக்க முடியவில்லை. வெளியே இருவரைச் சுட்டுக் கொன்றான். தாக்குதலுக்குக் கிளம்புமுன் இணைய நேரலையில் அவன் சொன்ன காரணம் கவனிக்கத்தக்கது: பெண்ணியத்தால் பிறப்பு விகிதம் குறைகிறது, அதனால் குடியேறிகள் வருகிறார்கள், எல்லாவற்றுக்கும் வேர் யூதன்.

யூதரைக் கொல்லப் போனவன் பெண்களை ஏன் இழுத்தான்? இது தனியொருவனின் பிதற்றல் அல்ல. 1934 செப்டம்பரில் நியூரம்பெர்க்கில், பெண்கள் கூட்டத்திலேயே, பெண்விடுதலை என்பது யூத மூளை கண்டுபிடித்த சொல் என்றார் ஹிட்லர். அதற்கும் முன்பு, 1903இல் வியன்னாவின் ஓட்டோ வைனிங்கர் யூதத்தன்மையையும் பெண்தன்மையையும் ஒன்றாக்கி இகழ்ந்து ஒரு தடித்த நூல் எழுதினார். யூதக் குடும்பத்தில் பிறந்தவர். அதே ஆண்டு, 23 வயதில் தற்கொலை செய்துகொண்டார். நூல் பதிப்பு மேல் பதிப்பாக விற்றது.

இந்த வெறுப்பின் உள்கணக்கு எளிது. பெண்ணுக்குச் சொந்தமாக யோசிக்கத் தெரியாது என்று நம்புகிறவனுக்கு, அவள் வாக்குரிமை கேட்டால் யாரோ தூண்டிவிடுகிறார்கள் என்றுதான் தோன்றும். அந்த ‘யாரோ’வின் இடத்தில் யூதரை ஐரோப்பா முன்பே உட்காரவைத்திருந்தது.

யூத வெறுப்பு, சொந்தச் சமூகம் என இரு பக்கமும் அடி வாங்கியவர் யூதப் பெண்ணியர் பெர்த்தா பாப்பென்ஹைம். மருத்துவர்கள் ப்ராயரும் ஃப்ராய்டும் எழுதிய நூலில் வரும் ‘அன்னா ஓ’ என்ற நோயாளியாகவே உலகம் அவரை அறியும், அநியாயம். மேரி வுல்ஸ்டன்கிராஃப்டின் பெண்ணுரிமை நூலை 1899இல் ஜெர்மனில் பெயர்த்தவர், 1904இல் யூத மகளிர் சங்கத்தைத் தொடங்கியவர். கிழக்கு ஐரோப்பாவின் கலீஷியாவில், ஏழை யூத ஊர்களிலிருந்து பெண்கள் பாலியல் தொழிலுக்குக் கடத்தப்படுவதை நேரில் போய் விசாரித்தார். தரகர்களில் யூதர்களும் உண்டு என்று பகிரங்கமாகச் சொன்னார். எதிரிகள் வாய்க்கு அவல் போடாதே என்று சமூகப் பெரியவர்கள் தடுத்தார்கள். அவர்கள் பயத்தில் நியாயம் இருந்தது. வியன்னாவின் விபச்சாரத்தை யூதர் தலையில் கட்டி ஹிட்லர் பின்னாளில் எழுதவே செய்தார். ஆனால் ஊர்ப் பெரியவர்களின் மௌனத்துக்கு விலை கொடுத்தது அந்தப் பெண்கள் அல்லவா? நான் பாப்பென்ஹைம் பக்கம்தான். ஜெர்மனியின் நொய்-ஈசன்பூர்க் ஊரில் ஆதரவற்ற பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அவர் நடத்திய இல்லத்தின் முதன்மைக் கட்டடத்தை, அவர் இறந்து ஈராண்டு கழித்து, 1938 நவம்பரில் நாஜிகள் எரித்தார்கள்.

தோழமைச் சங்கங்களாவது துணை நின்றனவா? நாஜிகள் ஆட்சிக்கு வந்தபின், ஜெர்மன் மகளிர் சங்கக் கூட்டமைப்பிலிருந்து யூத மகளிர் சங்கம் 1933 மே மாதம் விலகியது. அதே மாதம் கூட்டமைப்பும் தன்னைக் கலைத்துக்கொண்டது. அதன் முன்னாள் தலைவி கெர்ட்ரூட் பாய்மரின் ‘டி ஃப்ராவ்’ இதழ் மட்டும் 1944 வரை வந்துகொண்டிருந்தது.

பெண்ணியமும் இந்த வெறுப்புக்குத் தப்பவில்லை. பெண்தெய்வங்களை ஒழித்து ஆணாதிக்கத்தைக் கொண்டுவந்ததே எபிரேயர்கள்தான் என்று 1970களில் அமெரிக்கப் பெண்ணியர் சிலர் எழுத, இறையியலாளர் ஜூடித் பிளாஸ்கோ மறுத்து எழுத வேண்டியிருந்தது. பழைய பழி, புதிய மேடை. 2017இல் சிகாகோவின் லெஸ்பியன் பேரணியில், வானவில் கொடியில் யூதச் சின்னமான தாவீதின் நட்சத்திரம் பொறித்து வந்த பெண்கள் வெளியேற்றப்பட்டார்கள். அது இஸ்ரேல் கொடியை நினைவூட்டுகிறது என்பது ஏற்பாட்டாளர்களின் விளக்கம்.

காஸாவில் இஸ்ரேல் அரசு செய்வதைக் கண்டிப்பது யூத வெறுப்பு அல்ல. மேடையேறும் யூதப் பெண்ணிடம் மட்டும் அந்த அரசின் செயலுக்குக் கணக்குக் கேட்பது வெறுப்புதான். அந்தக் கேள்வியைப் பெண்ணிய அமைப்புகள் கைவிட வேண்டும்.