மார்கழி வெயிலும் ஒரு பெட்டிக் கேமராவும்

கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு அடுத்த ஞாயிறன்று, முதல் பூசை முடிந்து கோவில் முற்றத்தில் நின்றிருந்தபோது, நம் பங்கைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் தம் கைபேசியை நம்மிடம் நீட்டினார். ஒரு கடையில் கணக்கு எழுதுபவர் அவர். விடுமுறை நாள்தோறும் விடியுமுன் எழுந்து படம் எடுக்கப் போவது அவருக்கு வழக்கம். காவிரிப் பாலத்தின்மீது படிந்த பனிமூட்டம், அதற்கப்பால் கரிக்கோடு இழுத்தாற்போல மலைக்கோட்டை, அம்மா மண்டபப் படித்துறையில் ஈரத் துணி பிழியும் ஒரு முதியவர், திருவரங்கத்துத் தெற்கு இராஜகோபுரத்தின் உச்சியில் முதல் வெயில். ஒவ்வொன்றையும் கண்டு மகிழ்ந்தோம். இறுதியில், "வீட்டில் உள்ளவர்களை எடுத்தீர்களா, தம்பி?" என்று வினவினோம்.

"அவர்களை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாமே, ஐயா" என்றார்.

அவ்விடை நம்மை இரண்டு நாட்கள் தூங்கவிடவில்லை. ஏன் என்பதைப் பின்னர் சொல்வோம்.

படம் எடுப்பதற்கு அவர் மார்கழியைத் தேர்ந்துகொண்டது மிகச் சரியே. நம் திருச்சிராப்பள்ளியில் ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்டு இறுதியிலும் நண்பகற் சூரியன் நேரே உச்சந்தலைக்கு மேல் வந்து நிற்கும். அவ்வேளையில் எடுத்த படத்தில் முகங்களின் கண்குழிகள் கறுத்து, மூக்கின் நிழல் மீசை போல உதட்டின்மேல் விழும். டிசம்பர் இறுதியிலோ நண்பகலிலும் சூரியன் 56 பாகைக்கு மேல் ஏறுவதில்லை. எழுவது தென்கிழக்கில், மறைவது தென்மேற்கில். ஆகவே தெற்கு நோக்கிய சுவர்களுக்கும் திண்ணைகளுக்கும் காலை முதல் மாலை வரை சாய்ந்த வெயில் கிடைக்கிறது. 236 அடி உயர்ந்த அத் தெற்கு இராஜகோபுரத்தை ஜூன் மாத நண்பகலில் சென்று பாருங்கள்: சூரியன் வடக்கே போய்விட, அதன் முகப்பு நிழலில் கிடக்கும். அதே கோபுரம் மார்கழியில் நாள் முழுவதும் ஒளியில் நிற்கும்.

பனிமூட்டத்துக்கும் காரணம் உண்டு. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் தெளிந்த இரவுகளில் நிலம் விரைவில் குளிர்ந்துவிடுகிறது. ஆற்றிலும் நனைந்த வயல்களிலும் இருந்து எழும் ஈரம் தரையை ஒட்டியே துளித்துளியாய் உறைந்து நிற்கிறது. வெயில் ஏறி இரண்டு மணி நேரத்திற்குள் அது போயிற்று. அதற்குத்தான் அவ்விளைஞர் விடியுமுன் ஓடுகிறார்.

இதே குளிர்காலத்தில், ஏறத்தாழ 170 ஆண்டுகளுக்கு முன்னர், நம் ஊரைப் படம் பிடிக்க ஒருவர் வந்தார். லினேயஸ் ட்ரைப் என்பது அவர் பெயர். 1822-ல் இங்கிலாந்தில் பிறந்து, கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் அதிகாரியாய் இருந்தவர். விடுமுறையில் தாய்நாடு சென்றிருந்தபோது புகைப்படக் கலையைப் பொழுதுபோக்காகக் கற்றுக்கொண்டார். 1854 டிசம்பரில் பேலூர், ஹளேபீடு கோவில்களைத் தம் விருப்பத்தின் பேரிலேயே படம் எடுத்தார். அடுத்த ஆண்டு சென்னைக் கண்காட்சியில் அப்படங்கள் பரிசு பெற்றன. 1856-ல் சென்னை அரசு அவரைத் தன் புகைப்படக்காரராகவே அமர்த்திக்கொண்டது. 1857 டிசம்பரில் தெற்கு நோக்கிப் புறப்பட்ட அவர், 1858 ஜனவரி-பிப்ரவரி மாதங்களில் நம் மலைக்கோட்டைப் பாறையையும் திருவரங்கத்து மண்டபங்களையும் எடுத்தார். தஞ்சைப் பெரிய கோவிலின் அடித்தளக் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து ஒட்டி நீண்ட ஒரே படமாக்கியவரும் அவரே. இவ்வேலை வீண் செலவு என்று கருதிய கவர்னர் ட்ரெவெல்யன் 1859-ல் அதனை நிறுத்தச் சொல்லிவிட்டார் என்பது வேறு கதை. எந்நாளும் சிக்கனம் முதலில் கை வைப்பது இத்தகைய இடத்தில்தான் போலும்!

அவர் கையாண்ட முறை பொறுமையைச் சோதிப்பது. மெழுகு ஊட்டிய தாளை வெள்ளி உப்புக் கரைசலில் தோய்த்து, பெரிய பெட்டிக் கேமராவுக்குள் வைத்து, நிமிடக் கணக்கில் வெளிச்சம் காட்ட வேண்டும். அத்தாள் நீல நிறத்துக்கு அளவு மீறி மயங்கிவிடும். அதனால் வானம் முழுவதும் வெறும் வெள்ளையாகவே பதியும். எனவே பல படங்களில் ட்ரைப் தாமே தூரிகை எடுத்து நெகட்டிவின்மேல் மேகங்களைத் தீட்டினார். அவற்றைப் பார்த்து அந்த ஆண்டின் குளிர்கால வானத்தை அறிந்துகொள்ள முயல்வோர் ஏமாந்துபோவர்.

நாம் சொல்ல வந்தது மேகத்தைப் பற்றியன்று; மனிதர்களைப் பற்றி. அப்படங்களில் மனிதர்கள் மிக அரிது. தெருக்களில் ஆளில்லாமலா போயிருக்கும்? தண்ணீர்க் குடம் சுமந்தவர்கள், மாடு ஓட்டியவர்கள், வேடிக்கை பார்க்கக் கூடிய சிறுவர்கள் எல்லோரும் இருந்திருப்பார்கள். அசையாத கல் பதிந்தது, நடந்துகொண்டிருந்தவர் பதியவில்லை.

அவர் இங்கே கேமராவைத் தூக்கித் திரிந்த அதே 1858 பிப்ரவரியில், 11-ம் நாளன்று, பிரான்சு நாட்டு லூர்து கிராமத்தில் 14 வயதுச் சிறுமி பெர்னதெத் தன் தங்கையுடனும் தோழியுடனும் விறகு பொறுக்கப் போனாள். மசபியேல் குகையில் நம் அன்னை அவளுக்குக் காட்சி தந்த வரலாற்றை வாசகர்கள் அறிவார்கள். இன்று நம் தெப்பக்குளத்தருகே உயர்ந்து நிற்கும் லூர்து மாதா ஆலயத்தின் கூர்ங்கோபுரத்தை ட்ரைப் கண்டதில்லை. அதற்கு அருகிலுள்ள புனித சூசையப்பர் கல்லூரியே நாகப்பட்டினத்திலிருந்து இங்கு வந்தது 1883-ல்தான். பிற்காலத்தில் பெர்னதெத்தையும் புகைப்படம் எடுத்தார்கள். முழந்தாளிட்டு, கைகூப்பி, செபமாலை ஏந்தி என்று பலவாறு நிறுத்தி வைத்து எடுத்தார்கள். விறகு பொறுக்கப் போன அந்தக் காலையின் முகம் மட்டும் எவரிடமும் இல்லை.

நம் வீடுகளின் ஆல்பங்களும் பெரும்பாலும் இவ்வாறே உள்ளன. திருமணம், ஞானஸ்நானம், புதுநன்மை. சவப்பெட்டியைச் சுற்றி உறவினர் அனைவரும் நிற்கும் கடைசிப் படம். இடையில் கழிந்த ஆயிரக்கணக்கான நாட்கள் வெற்றுத் தாளே.

நமக்குப் பன்னிரண்டு வயதானபோது தந்தையார் 'ஆக்ஃபா கிளிக் III' என்னும் கேமரா ஒன்று வாங்கித் தந்தார். ஒரு சுருளில் பன்னிரண்டே படங்கள். பிலிமுக்கும் கழுவுவதற்கும் ஆகும் செலவை எண்ணி, திருநாட்களுக்கென்றே அவற்றைச் சேமித்து வைப்போம். தாயாரை எடுக்க வேண்டும் என்ற எண்ணமே எழுந்ததில்லை. அவர்தாம் எப்போதும் அடுப்படியில் இருக்கிறாரே!

அவர் இறந்தபோது, வீட்டில் மாட்டுவதற்குப் படம் தேடினோம். ஸ்டுடியோவில் எடுத்த ஒன்று கிடைத்தது. முகத்தில் பவுடர், விறைத்த கழுத்து, யாரிடமோ இரவல் வாங்கிய சங்கிலி. அதுதான் இன்றும் சுவரில் தொங்குகிறது. அதில் இருப்பவர் நம்மை வளர்த்தவர் போலத் தோன்றுவதே இல்லை.

அடக்கம் முடிந்து பல மாதங்கள் கழித்து, தகரப் பெட்டியொன்றில் பழைய நெகட்டிவ்கள் அகப்பட்டன. ஒரு கிறிஸ்மஸ் சுருளின் கடைசிப் படம்: கழுவக் கொடுக்குமுன் சுருளை முடித்துவிடுவோம் என்று சும்மா தட்டியது. அன்று அவர், "பிலிமை ஏன்டா வீணாக்குகிறாய்?" என்று கடிந்துகொண்டது நினைவுக்கு வந்தது. ஆகவே அதனைப் பிரதி போடக்கூட நாம் கொடுத்திருக்கவில்லை.

உடனே எடுத்துச் சென்று பிரதி போட்டோம். கொல்லைப்புறப் படியில், காலை வெயிலில் அமர்ந்து, மடியில் முறத்தை வைத்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறார். வாய் பாதி திறந்திருக்கிறது, திட்டுகிறார் அல்லவா! புடவைத் தலைப்பு இடுப்பில் செருகியிருக்கிறது. வெயிலை முதுகுக்குப் பின்னால் வைத்து எடுக்க வேண்டும் என்று அந்நாளில் சொல்லித் தந்திருந்தார்கள்; மார்கழிச் சூரியன் தாழ்ந்திருந்ததால், கேமராவை ஏந்திய ஒரு சிறுவனின் நிழல் நீண்டு அவர் காலடி வரை சென்றிருக்கிறது.

அடுத்த ஞாயிறு பூசைக்கு வந்தபோது இப்பிரதியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்து அவ்விளைஞரிடம் காட்டினோம். வெகுநேரம் பார்த்தார். பின்னர், "எங்கள் பாட்டி காலை எட்டு மணிக்குத் திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை இடிப்பார், ஐயா" என்றார்.

திண்ணை எந்தத் திசை நோக்கியது என்று கேட்டோம். தெற்கு என்றார்.